ஒன்பதாவது பலகையின் பின்பக்கம்

ஒரு தகரப் பலகைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்பது ஒன்பது வயதில் எனக்கு நன்றாகவே தெரியும். நான் கணக்கில் மோசமான பையன் அல்ல. நாலாம் வகுப்பில் நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். அதில் வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் தடங்கலில்லாமல் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் நான் ஒருவன். ஆனால் ஒரு பலகையின் இரண்டு பக்கங்களையும் ஒரே சமயத்தில் யாராலும் பார்க்க முடியாது என்பதும், ஒவ்வொரு பக்கமும் தனியாகப் பார்த்தால் சரியாக இருந்து, பலகை மட்டும் தப்பாக இருக்கலாம் என்பதும் எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை. அதை நான் கற்றுக்கொண்டபோது எங்கள் சித்தப்பாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டிலிருந்து நெடுஞ்சாலைப் பக்கமாக நூற்றுப்பன்னிரண்டு எட்டு நடந்தால் எங்கள் போர்டு கடை வரும். என் காலுக்கு நூற்றுப்பன்னிரண்டு. அப்பாவின் காலுக்கு எழுபதுக்குள் அடங்கிவிடும். உள்ளே ஓர் அறை, வெளியே கீற்றுப் பந்தல், பந்தலுக்குக் கீழே பலகைகளைப் படுக்கவைக்க இரண்டு மரத்தாங்கிகள். அப்பா அளப்பார், தகரம் வெட்டுவார், சட்டம் அடிப்பார், வருகிறவர்களிடம் பேசுவார். எழுத்து முழுக்க அவருடைய தம்பியான சித்தப்பாவுடையது. தமிழும் ஆங்கிலமும் எழுதுவார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் லாரிக்காரர்களுக்காகத் தெலுங்கும் எழுதுவார். எழுதும்போது நாக்கின் நுனி வாயோரத்தில் எட்டிப்பார்க்கும். வளைவான எழுத்து வந்தால் நாக்கும் கொஞ்சம் வளையும்.

பலகை செய்வது நான்கு நாள் வேலை. தகரம் வந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுக்க வேண்டும். பிறகு செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு. அது காய ஒரு நாள். அதன்மேல் வெள்ளையோ மஞ்சளோ இரண்டு பூச்சு. அதற்கும் ஒவ்வொரு நாள். மேல்பூச்சு அடிக்கிற காலையில் கடை வாசலில் ஆறு குடம் தண்ணீர் தெளித்தாக வேண்டும். நெல்லூர்ப் பக்கம் போகிற லாரிகள் கிளப்பும் புழுதி ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தால் பலகை ரவை தூவின மாதிரி ஆகிவிடும். தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் ஐந்தாவது குடத்தோடு நிறுத்திவிட்டு, எந்த நிமிஷம் புழுதி வந்து விழுமோ என்று பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க உட்கார முடியாமல் தவித்திருக்கிறேன்.

அப்போதுதான் ஊருக்கு வெளியே தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே அவர்களுக்குப் பலகை வேண்டியிருந்தது. ‘அபாயம்’, ‘புகை பிடிக்காதே’, ‘அனுமதியின்றி உள்ளே வராதே’. ஒரே மாதத்தில் சித்தப்பா பதினேழு மண்டையோடு வரைந்தார். ஒரு தொழிற்சாலை மேனேஜர் மண்டையோடு சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்று பலகையைத் திருப்பி எடுத்துவந்தார்.

“அது ஏற்கெனவே செத்துப்போச்சு சார். இன்னமே அதுக்கு இன்னா கவலை?” என்றார் சித்தப்பா.

மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரே படத்தைப் பதினேழு தடவை அச்சுப் பிசகாமல் வரைவதற்கு ஒரு வழி உண்டு. பழுப்புத் தாளில் ஒரு தடவை வரைந்து, கோடு போகிற இடமெல்லாம் ஊசியால் நெருக்கமாகத் துளை போட வேண்டும். அந்தத் தாளைப் பலகைமேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் மெல்லத் தட்டினால் துளை வழியே தூள் இறங்கும். தாளை எடுத்தால் பலகையில் படம் புள்ளிபுள்ளியாக விழுந்திருக்கும். புள்ளியைப் பிடித்துக்கொண்டு பிரஷ் போகும். நாங்கள் அதைப் புள்ளித்தாள் என்போம். தட்டித்தட்டித் தாளின் ஒரு முகம் அட்டைக்கரியாகிவிடும். மறுமுகம் ஓரளவு சுத்தமாகவே இருக்கும்.

சித்தப்பாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்றும் தட்டிப்போயிருந்தன. முதல் வீட்டில் அவருடைய நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது வீட்டில் “போர்டு எழுதறது ஒரு உத்தியோகமா?” என்றார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் கூடிவருகிற நேரம், பெண்ணின் மாமா “மழை வந்தா இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா உள்ளதைச் சொன்னார். “காயற வரிக்கும் குந்திக்கினு இருப்பேன்.”

நாலாவதாகப் பொதட்டூர்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரரின் பெண் அமைந்தபோது அப்பா சொல்லிவிட்டார்: “இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் ஊட்டு வாசல்லயும் நான் போயி நிக்க மாட்டேன்டா. அப்பறம் ஒன் பாடு, ஒன் பிரஷ் பாடு.” அப்பா சொன்னால் சொன்னதுதான். சித்தப்பா பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசிக்கொண்டிருந்தார். வழக்கமாக மூன்று அலசல் போதும். அன்று பதினொன்று.

அந்த ஆடியில்தான் ஓர் அரிசி மில் முதலாளி வந்தார். அவர் மகனுக்கு அம்மை போட்டுப் பிழைத்ததற்காக, பெரியபாளையத்து அம்மனுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழி காட்டும் பலகை வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஒன்பது பலகை. மஞ்சளில் சிவப்பு எழுத்து. மேலே ஊர்ப் பெயர், கீழே அம்பு. சாலையோரக் கம்பத்தில் கொடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் எழுத்து. ஆக, அம்பு மட்டும் பதினெட்டு.

எட்டுப் பலகைகள் போய்விட்டன. ஒன்பதாவதும் முன்பக்கம் முடிந்து காய்ந்துவிட்டது. பின்பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு, பழையது கிழிந்ததால் முன்பக்கத்துக்குப் புதிதாகப் போட்ட அம்புப் புள்ளித்தாளைப் பலகைமேல் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு கல் வைத்த நேரத்தில் அம்மா வந்தாள்.

“தம்பி, போட்டோக்காரர் வெளிச்சம் போறதுக்குள்ள வரச் சொன்னாராமே. பொண்ணூட்டுக்கு நாளைக்குத் தபால் போவணும். இன்னும் பனியனோட நின்னுக்கினு கீறீங்க?”

சித்தப்பா அவசரமாகச் சட்டையை மாட்டினார். முகத்துக்குப் பவுடர் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் பவுடர் போட்டது அதுதான் முதல் தடவை. “நான் வர்ற வரிக்கும் அதாண்ட போவாதடா” என்று சொல்லிவிட்டு ஓடினார். அப்பா தகரம் எடுக்க வெளியூர் போயிருந்தார்.

நான் போயிருக்க மாட்டேன். ஆனால் போகாமல் இருக்க முடியாத ஒன்றைப் பார்த்துவிட்டேன். தாளின் கரிமுகம் கீழே இருந்தது. இரண்டு பூச்சு மஞ்சள், அதுவும் நான் ஆறு குடம் தெளித்துக் காப்பாற்றிய மஞ்சள், அதன்மேல் அட்டைக்கரி முகம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கல்யாண நினைவில் தலைகால் புரியாமல் சித்தப்பா தாளை மாற்றி வைத்துவிட்டார் என்று முடிவு செய்தேன். மெல்லக் கற்களை எடுத்தேன். தாளைத் திருப்பிச் சுத்தமான முகத்தைக் கீழே வைத்தேன். ஓரத்தில் படிந்திருந்த கரியை ஊதித் துடைத்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

எதிர்ப்பக்கமிருந்து வருகிறவனுக்கு நம்முடைய வலது அவனுடைய இடது. அதனால் பின்பக்க அம்புக்குத் தாளைத் திருப்பி, கரிமுகம் கீழே வரும்படிதான் போட வேண்டும். கொஞ்சம் கரி ஒட்டினாலும் அப்புறம் துணியால் துடைத்துக்கொள்ளலாம். இப்போது எழுதும்போது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

திருப்பியதோடு நின்றிருக்கலாம். துணி முடிச்சை எடுத்துத் தட்டினேன். தாளை எடுத்தால் ஒரு புள்ளி கூடக் கலங்காமல் அம்பு விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு கை நிற்கவில்லை. சிவப்பு டப்பாவைத் திறந்தேன். நூற்றாறு இழுப்பில் அம்பு முடிந்தது. ஓரத்தில் எங்கும் பிசிறு இல்லை. என் நாக்கும் வெளியே வந்திருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

சித்தப்பா திரும்பிவந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று இருந்தேன். பவுடர் முகத்தோடு குனிந்து, ஒரு கண்ணை மூடி ஓரம் பார்த்தார்.

“யார்ரா போட்டது இத? நானே போட்டா மாதிரி கீதே!”

பலகை படுத்துக்கிடந்தது. முன்பக்கம் கீழே இருந்தது. மேலே தெரிந்த பக்கத்தில் ஓர் அம்பு, நேராக, சிவப்பாக, அழகாக இருந்தது. அதில் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. மறுநாள் மில் வண்டி வந்து அதை எடுத்துப்போனது. நான் வகுப்பில் பாக்கி முப்பத்தேழு பேரிடமும் சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள் நான்கு பேர். அவர்களிடம் இரண்டாவது தடவையும் சொன்னேன்.

போட்டோவோடு சித்தப்பா ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார். ஆவணி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்துக் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. மூன்று தடவை வீடு தேடிப் போய்த் திரும்பியதில் அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிட்டது. கோயில் என்றால் சாமி கும்பிடப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெண் வீட்டார் முதல் நாளே திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுக்கு வந்து தங்கி, காலையில் மாட்டுவண்டியில் வருவார்கள். கடிதத்தின் கடைசியில் சித்தப்பா பெருமையாக ஒரு வரி சேர்த்திருந்தார். வழியில் நாங்கள் எழுதிய பலகைகள் இருக்கும், சிவப்பு அம்பைப் பார்த்து வந்தாலே போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என நான்கு பேரும் ஒன்பது மணிக்கே கோயில் போய்ச் சேர்ந்தோம். தாம்பாளத்தில் இரண்டு தேங்காய், ஒரு டஜன் வாழைப்பழம், ஏழு முழம் மல்லிகை. சித்தப்பா மண்ணெண்ணெயால் தேய்த்து, சோப்புப் போட்டு, மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்து நகங்களை வெள்ளையாக்கியிருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் ஏந்தினபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் நெரிந்தது. வேப்பிலை ஆடை கட்டிச் சுற்றிவருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், குழந்தைக்கு மொட்டை போடுகிறவர்கள். மரநிழலில் அவிழ்த்துவிட்ட வண்டிகள் அறுபத்துநான்கு. அறுபத்தைந்தாவது வண்டிக்காகக் காத்திருந்தோம்.

பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அம்மா பூவுக்கு நான்கு தடவை தண்ணீர் தெளித்தாள். ஒரு மணிக்கு அப்பா எழுந்து நின்றார்.

“வர மாட்டாங்க. போட்டோவப் பாத்தாங்களோ இன்னாவோ.”

“செத்த குந்துங்க. நாலரைக்குத்தானே ராகுகாலம்?” என்றாள் அம்மா.

“நாலாவதும் போச்சு” என்றார் அப்பா, யாருக்கும் சொல்லாத மாதிரி. சித்தப்பா நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றே காலுக்கு அறுபத்தைந்தாவது வண்டி வந்தது. சக்கரத்தின் நடுக்குடம் வரைக்கும் சேறு. முன்னால் உட்கார்ந்திருந்தவர் குதித்து இறங்கினார். முழங்காலுக்குக் கீழே வேட்டி இருந்த இடம் தெரியவில்லை, சேறாக இருந்தது. அவர்தான் பெண்ணின் அப்பா. பின்னாலிருந்து ஓர் அம்மாளும், புடவையைக் கணுக்காலுக்கு மேல் செருகிய ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பெண்ணின் புடவை முந்தானை ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருந்தது.

அப்பா கும்பிட்டார். அவர் கும்பிடவில்லை.

“நல்லா இருக்குதய்யா ஒங்க மரியாத! செவப்பு அம்பப் பாத்துக்கினு வந்தா போதும்னு எழுதினீங்களே, பாத்துக்கினுதான் வந்தோம். எங்க கொண்டுபோயி உட்டுச்சு தெரியுமா? ஏரிக்கரையில! அச்சு வரிக்கும் எறங்கிப்போச்சு. நாலு பேரு சேந்து தள்ளி, மதியம் வரிக்கும் அங்கயே கெடந்தோம். அங்க ஒரு பொம்பள மோர் வித்துக்கினு கீறா. ‘பத்து நாளா இப்பிடித்தான் ஜனம் வருது, அம்மா புண்ணியத்துல யாவாரம் பரவால்ல’ங்கறா!”

“அண்ணே, அப்பிடி இருக்காது. எங்க பலக தப்பு சொல்லாது” என்றார் அப்பா.

“அப்ப ஏரி தப்பா?”

அப்பா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் அப்பா விடவில்லை. “எம் பொண்ணுதான் நடந்தே திரும்பிப்போயி அந்தக் கம்பத்தச் சுத்திப் பாத்துட்டு வந்தா. இந்தாண்ட நின்னாலும் சோத்துக்கைப் பக்கம் அம்பு. அந்தாண்ட நின்னாலும் சோத்துக்கைப் பக்கம் அம்பு. கோயிலு இன்னா, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் குந்திக்கினு கீதா?”

சித்தப்பா கண்ணை மூடினார். மடியிலிருந்த வலதுகை விரல் காற்றில் ஓர் அம்பு போட்டது. பிறகு உள்ளங்கையைத் திருப்பி இன்னொன்று போட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான் பார்த்தார். எழுந்து நின்றார்.

“எந் தப்புதாங்க. அந்த அம்பு நான் போட்டது.”

நான் அதிர்ந்துபோனேன். பத்து நாளாக முப்பத்தேழு பேரிடம் நான் சொல்லிவந்த அம்பு அது. சாலையில், ஊரார் பார்க்க, நான் போட்ட ஒரே அம்பு. அதை என் சித்தப்பா, வேறு பதினேழு அம்பு தன் கணக்கில் வைத்திருக்கிறவர், இத்தனை பேருக்கு முன்னால் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

“இல்ல! நான் போட்டேன்!” என்று கத்தினேன்.

“கம்னு குந்துடா” என்றார் சித்தப்பா. அவர்களிடம் திரும்பி, “கொழந்தைங்க. ஏதோ ஆசையில சொல்லுது. அவனுக்கு பிரஷ்ஷே புடிக்கத் தெரியாது” என்றார்.

பிரஷ் பிடிக்கத் தெரியாதாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “பொய்! சித்தப்பா பொய் சொல்றாரு! நூத்தியாறு இழுப்பு, எல்லாம் நான்தான்! அப்ப அவுரு கடையிலயே இல்ல!”

“இருந்தேங்க. நான்தான் அங்க இருந்தேன்.”

“எங்க இருந்தே? மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கினு போட்டோ புடிக்கத்தானே போனே!”

பெண்ணின் அம்மா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“சரியாப் போச்சு. அம்பும் போடத் தெரியாது, பொய்யும் சொல்றவரு. ஏய், வண்டியத் திருப்பச் சொல்லு.”

அப்பா தாம்பாளத்தைக் குனிந்து எடுத்தார், திரும்பக் கட்டிக்கொள்வதற்காக. சித்தப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய வெள்ளை நகங்கள் பத்தும் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அதுவரைக்கும் வாய் திறக்காத அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். “இங்க வா. அழுவாம சொல்லு. அந்த அம்ப எப்பிடிப் போட்டே?”

ஒருத்தராவது கேட்டார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். புள்ளித்தாள், நான்கு கல், கரிமுகம், ஆறு குடம் தெளித்த மஞ்சள், எதையும் விடவில்லை. அவள் நடுவில் ஒரு தடவைதான் பேசினாள்.

“அப்ப ஒங்க சித்தப்பா வச்சிட்டுப் போனப்ப எந்தப் பக்கம் கீழ இருந்துது?”

“கரிப்பக்கம். அவுருதான் தப்பா வச்சிருந்தாரு. நான்தான் சரியாத் திருப்பி வச்சேன்.”

அவள் தலையை ஆட்டினாள். சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தரையைப் பார்த்தார். அவள் தன் அம்மாவின் காதருகே போய் என்னவோ சொன்னாள். அந்த அம்மாள் அதைத் தன் கணவரின் காதில் சொன்னாள்.

“இன்னாது? இதுக்கா?” என்றார் அவர் உரக்க. மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேட்டிச் சேற்றைப் பார்த்தார். பிறகு எங்கள் அப்பாவிடம், “அந்தத் தட்டக் கீழ வைங்க. ராகுகாலத்துக்கு இன்னும் எவ்ளோ நேரம் கீது?” என்று கேட்டார்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “நாப்பத்தியொரு நிமிஷம்.”

அந்த நாற்பத்தொரு நிமிஷத்துக்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. வாடிப்போன ஏழு முழம் மல்லிகையை அம்மா அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள். நான் மரத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். வாழைப்பழம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். பிறகு இரண்டு தின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் சித்தப்பா என்னை ஒன்பதாவது பலகை நின்ற கூட்டுரோட்டுக்கு அழைத்துப்போனார். பஸ்ஸில் இறங்கி ஒன்றரை மைல் நடந்தோம். ஒரு கையில் மஞ்சள் டப்பா, ஒரு கையில் சிவப்பு. கம்பத்தில் என் அம்பைக் காணவில்லை. வேப்பங்கொத்து நான்கைந்து சேர்த்து, அம்பை முழுக்க மறைத்து, பலகையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டியது ஒரு புடவைக் கிழிசலால். அதைக் கட்டிய பிறகு வந்த யாரும் தப்புப் பாதையில் போயிருக்க முடியாது.

சித்தப்பா அந்த முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அறுத்துவிட்டால் முடிந்தது, அவர் அவிழ்த்தார். கிழிசலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிரஷ் துடைக்கவா என்று கேட்டேன். அவர் மஞ்சள் டப்பாவைத் திறந்தார். பிறகு அம்பின் தலையை மஞ்சளால் மறைத்து, வால் இருந்த இடத்தில் சிவப்பில் ஒரு தலை வைத்தார். உடம்பு நான் போட்டதுதான். ஒரு பிசிறும் இல்லாத அந்த ஓரங்களை அவர் தொடவே இல்லை.

“டப்பாவ ஆட்டாமப் புடிடா” என்றார். அது தவிர அன்றைக்கு அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. திரும்பும் வழியில் இரண்டு மசால்வடை வாங்கிக்கொடுத்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தி வந்த பத்தாம் நாளே கடைப் பந்தலுக்கு வந்து உப்புத்தாளை எடுத்துவிட்டாள். அப்பா வேண்டாம் என்றார். “ஊட்ல குந்திக்கினு நான் இன்னா பண்றது மாமா?” என்றாள். இரண்டு பக்கம் எழுதிய பலகை எதுவும் அவள் ஒரு தடவை சுற்றிவந்து பார்க்காமல் வண்டி ஏறியதில்லை. அப்பா, ஒரு பலகையும் தப்பு சொல்லாது என்று உலகத்துக்குச் சொல்லிவந்தவர், வண்டிக்காரர் அவசரப்படுத்தினால் “இருப்பா, அது வந்து பாக்கட்டும்” என்று நிறுத்திவைப்பார். தொழிற்சாலைக்காரர்கள் இன்னும் நிறைய மண்டையோடு கேட்டார்கள். சித்தப்பா எழுதும்போது பாட ஆரம்பித்திருந்தார். நாக்கு வெளியே இருப்பதால் பாட்டு புரியாது.

எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பாரம் இருந்தது. கோயிலில் சித்தப்பா சொன்ன பொய்கள் மொத்தம் மூன்று. நான் அன்றே எண்ணிவைத்திருந்தேன். கூச்சலிலும் அழுகையிலும் அவை சித்திக்குச் சரியாக விளங்கவில்லை என்றும், விவரம் தெரியாமல் பொய் சொல்கிற ஓர் ஆளைக் கட்டிக்கொண்டுவிட்டாள் என்றும் நினைத்தேன். நல்லவள், என்னிடம் கேட்டு, நான் சொன்னதை முழுசாகக் கேட்ட ஒரே ஆள். அவளிடம் மறைப்பது சரியில்லை. பல நாள் யோசித்து, ஒரு மத்தியானம் கடையில் அவள் மட்டும் இருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தகரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, ஒண்ணு சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“அன்னிக்குக் கோயில்ல சித்தப்பா மூணு பொய் சொன்னாரு. அம்பு அவுரு போட்டதுன்னது ஒண்ணு. எனக்கு பிரஷ் புடிக்கத் தெரியாதுன்னது ரெண்டு. அப்ப கடையில இருந்தேன்னது மூணு.”

அவள் தகரத்தின் மேலிருந்த துருத்தூளை ஊதினாள். “தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா வந்தே?”

“அதனாலதாண்டா வந்தேன்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிற மாதிரி இல்லை. எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. எங்கள் வகுப்பிலும் அப்படி ஐந்தாறு பேர் உண்டு. கணக்கைச் சொன்னால் தலையாட்டுவார்கள், விடையைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். வாத்தியார் அவர்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார், திரும்பச் சொல்வார். நானும் சித்திக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்று விரல்களை நீட்டி, முதல் விரலிலிருந்து மறுபடியும் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரலும் முடியும் வரைக்கும் கேட்டாள்.

“இப்பவாவது புரிஞ்சுதா?” என்றேன்.

“புரிஞ்சுதுடா” என்றாள்.

பாவம், புரியவில்லை என்றே வெகுநாள் வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.